நுரைக்காத சோப்பு, நனையாத கான்கிரீட்

காட்பாடியில் எங்கள் வீட்டு போர் தண்ணீரில் சோப்பு நுரைக்காது. துணிக்குப் போட்டாலும் சரி, குளிக்கப் போட்டாலும் சரி, முதலில் திரிதிரியாக ஒரு வெள்ளை அழுக்குதான் மிதந்து வரும். நாலு நாள் தேய்க்காமல் விட்டால் வாளியின் உள்பக்கம், தண்ணீர் மட்டம் நிற்கும் இடத்தில், வளையமாக ஒரு படலம் கட்டிக்கொள்ளும். நகத்தால் சுரண்டினால் மெழுகு மாதிரி சுருண்டு வரும். அந்தப் படலத்தின் மேல் ஒரு சொட்டு தண்ணீர் விட்டுப் பாருங்கள். பரவாது. உருண்டையாக நிற்கும், வாளியைச் சாய்த்தால் ஓடிவிடும்.

பழைய வட ஆர்க்காட்டில் போர் போட்டுக் குடியிருக்கும் பலருக்கு இந்தப் படலம் பழக்கமானதுதான். உப்புத் தண்ணீர் என்று திட்டிவிட்டு வாளியைத் தேய்த்து வைப்போம். ஆனால் அந்த அழுக்குக்கு ஒரு பெயர் இருக்கிறது: கால்சியம் சோப்பு. நாம் வாங்கும் சோப்பு எண்ணெயும் காஸ்டிக் சோடாவும் சேர்ந்து உண்டான சோடியம் சோப்பு. அது தண்ணீரில் கரையும். நம் தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம், சோடியத்தைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் தான் உட்கார்ந்துகொள்கிறது. அப்படி உண்டான சோப்பு தண்ணீரில் கரையாது, நுரைக்காது, தண்ணீரைக் கிட்டேயும் சேர்க்காது. வேதியியலில் இந்த வகைக்கு உலோகச் சோப்பு என்று பெயர். கால்சியம், துத்தநாகம், அலுமினியம் என்று எந்த உலோகம் வந்து உட்காருகிறதோ அதன் பெயரில் அழைப்பார்கள்.

ஹார்டுவேர் கடையில் 'வாட்டர் புரூஃபிங் பவுடர்' என்று கிலோ பாக்கெட்டில் தருகிறார்களே, அவற்றில் பலவற்றில் வேலை செய்யும் சரக்கு இதே குடும்பம்தான். பெரும்பாலும் கால்சியம் ஸ்டியரேட். வாளியில் நமக்குத் தொல்லையாக இருப்பது, கான்கிரீட்டுக்குள் போனால் காவல் நிற்கிறது.

இதை எழுத வைத்தது எங்கள் பக்கத்து மனையில் வீடு கட்டும் மேஸ்திரி. ஒரு நாள் காலையில் அந்தப் பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்: "சார், இந்தப் பவுடரைப் போட்டா கான்கிரீட்ல தண்ணியே எறங்காதுன்னு கடையில சொல்றாங்க. அப்போ மொட்டை மாடிக்குத் தட்டோடு செலவு வேணாமில்ல?" தட்டோடு என்பது தண்ணீர் இறங்காமல் இருக்க மொட்டை மாடியில் பதிக்கும் சுட்ட மண் ஓடு. நல்ல கேள்வி. இந்தப் பவுடர் தண்ணீரை எப்படித் தடுக்கிறது என்று தெரியாமல் இதற்கு ஆமாம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது.

முதலில் கான்கிரீட்டுக்குள் தண்ணீர் எப்படிப் போகிறது என்று பார்ப்போம். தட்டிப் பார்த்தால் கல் மாதிரி இருக்கும் கான்கிரீட் உண்மையில் ஒரு பஞ்சு. ஒரு மூட்டை சிமெண்ட், அதாவது 50 கிலோ, இறுகுவதற்கு வேதியியல் கணக்கில் ஏறக்குறைய 12 லிட்டர் தண்ணீர் போதும். கலவை கையில் புரள வேண்டும், கம்பிக்கு இடையில் இறங்க வேண்டும் என்பதால் 20 முதல் 25 லிட்டர் வரை ஊற்றுகிறோம். சித்தாள் அவசரத்தில் குடத்தைச் சாய்த்தால் 30-ஐத் தாண்டிவிடும். சிமெண்ட் எடுத்துக்கொண்டது போக மிஞ்சிய தண்ணீர் நாளடைவில் ஆவியாகிப் போகிறது. அது இருந்த இடம் காலியாக, நூலிழையைவிட மெல்லிய குழாய்களாக உள்ளேயே நின்றுவிடுகிறது. நல்ல கான்கிரீட்டில் அந்தக் குழாய்கள் குறைவு, மெல்லியவை. தண்ணீராகக் கலந்ததில் நிறைய, அதுவும் ஒன்றோடொன்று கைகோத்தபடி.

இந்தக் குழாய்களின் உள்சுவருக்குத் தண்ணீர் என்றால் உயிர். திரி எண்ணெயை இழுப்பது போல இழுத்துக்கொள்ளும். ஒரு மைக்ரான் ஆரமுள்ள குழாய், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு, கணக்குப்படி தண்ணீரை 14 மீட்டருக்கு மேல் ஏற்றிவிடும். நான்கு மாடி உயரம்! நிஜச் சுவரில் அவ்வளவு ஏறுவதில்லை. ஏறும் வழியிலேயே காற்றில் ஆவியாகிவிடுவதால் முழங்கால் அளவிலோ இடுப்பளவிலோ நின்றுவிடுகிறது. ஓதம் என்று நாம் சொல்வது இதைத்தான். ஆவியாகும் இடத்தில் தண்ணீர் போய்விடும், அது தூக்கிவந்த உப்பு மட்டும் தங்கும். பெயிண்ட் உப்பிப் பொரிந்து, வெள்ளையாகப் பூத்து, விரல் வைத்தால் மாவாக உதிரும் அந்தக் கோடு எந்த உயரத்தில் இருக்கிறதோ, அதுவரை அந்தத் திரி இழுக்கிறது என்று பொருள்.

சரி, சோப்பு இங்கே என்ன செய்கிறது? சோப்பு மூலக்கூறுக்கு ஒரு தலை, ஒரு வால். தலைக்கு உலோகம் பிடிக்கும். வால் என்பது கார்பன் அணுக்கள் வரிசையாகக் கோத்த எண்ணெய்ச் சங்கிலி, அதற்குத் தண்ணீர் ஆகாது. ஸ்டியரிக் அமிலத்தில் அந்தச் சங்கிலிக்கு 18 கார்பன் நீளம். சிமெண்ட் இறுகும்போது சுண்ணாம்பும், அதாவது கால்சியம் ஹைட்ராக்சைடும், ஏராளமாக வெளிப்படுகிறது. குழாய்ச் சுவர் முழுக்கக் கால்சியம்தான். சோப்பின் தலை அதில் ஒட்டிக்கொள்ள, வால்கள் குழாயின் நடுப்பக்கம் பார்த்து நிற்கின்றன. உள்சுவருக்கு மெழுகு பூசியது போல ஆகிவிடுகிறது. குழாய் அப்படியே திறந்துதான் இருக்கிறது. ஆனால் இழுத்துக்கொண்டிருந்த குழாய் இப்போது தள்ளுகிறது. தாமரை இலைமேல் தண்ணீர் என்று பேச்சுக்குச் சொல்வதை ஒவ்வொரு நுண்துளைக்குள்ளும் செய்து காட்டுவது போல.

துளை அடைபடவில்லை, அதன் குணம் மாறியிருக்கிறது. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மீதி எல்லாம் தானாகப் புரியும். அடைத்திருந்தால் எவ்வளவு அழுத்தம் வந்தாலும் தாங்கும் என்று நம்பலாம். தள்ளுவதற்கு ஓர் அளவு உண்டு. அதைவிட அதிகமாக வெளியிலிருந்து தண்ணீர் அழுத்தினால் உள்ளே வந்துவிடும். அந்த அளவைக் கணக்குப் போட்டும் பார்க்கலாம். சோப்பு பூசிய பரப்பில் தண்ணீர்ச் சொட்டின் ஓரம் அந்தப் பரப்போடு 110 டிகிரி கோணத்தில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு மைக்ரான் ஆரமுள்ள துளை 5 மீட்டர் உயரத் தண்ணீரின் அழுத்தத்தைத் தள்ளி நிறுத்தும். பத்து மைக்ரான் துளை என்றால் அரை மீட்டர்தான். சுவரில் தலைமயிர் போல ஒரு விரிசல், அகலம் 0.2 மில்லிமீட்டர் என்றால்? இரண்டரை சென்டிமீட்டர். அவ்வளவே. இத்தனைக்கும் ஈரத்தில் இருக்கும் கான்கிரீட்டுக்கு 0.2 மில்லிமீட்டர் விரிசலை ஐஎஸ் 456 என்ற நம் நாட்டுக் கான்கிரீட் தர விதியே அனுமதிக்கிறது.

இதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று வீட்டுப் பின்கட்டில் இரண்டு வடை தட்டினேன். ஒன்றுக்கு மூன்று சிமெண்ட், மணல் கலவை. ஒன்று வெறும் கலவை, இன்னொன்றில் சிமெண்டோடு அந்தப் பவுடர். ஒரு வாரம் ஈரச் சாக்கில் வைத்து, அப்புறம் நன்றாகக் காயவிட்டேன். இங்க் ஃபில்லரால் ஆளுக்கொரு சொட்டு. வெறும் வடையில் சொட்டு விழுந்த மாத்திரத்தில் கறுத்த வட்டமாகி மறைந்தது. பவுடர் வடையில் கண்ணாடிக் குண்டு போல நின்றது, சாய்த்ததும் உருண்டு தரையில் விழுந்தது. பிறகு பவுடர் வடையைச் சுத்தியால் இரண்டாக உடைத்து, உடைந்த முகத்தில் ஒரு சொட்டு வைத்தேன். அங்கேயும் குண்டாகவே நின்றது. மேலே பூசும் பெயிண்டுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அந்த ஒரு சொட்டில் இருக்கிறது. பெயிண்ட் கீறினால் போச்சு, இது உடம்பு முழுக்க ஒரே குணம்.

கடைசியாக உடைந்த இரண்டு துண்டையும் நெருக்கிச் சேர்த்து வைத்து, ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி, இடுக்கின் மேல் ஒரு டம்ளர் தண்ணீரை ஊற்றினேன். சொட்டுச் சொட்டாக அடியில் வந்து விழுந்தது. மேஸ்திரியின் கேள்விக்குப் பதில் அந்த டம்ளரில் இருந்தது.

மழைச் சாரல் அடிக்கும் வெளிச்சுவர், தரையிலிருந்து ஓதம் ஏறும் பேஸ்மெண்ட் மட்டம், காம்பவுண்டு சுவர், பேவர் பிளாக், சன்ஷேடு ஆகிய இடங்களில் தண்ணீர் அழுத்திக்கொண்டு நிற்பதில்லை. கான்கிரீட் தானாக இழுப்பதுதான் அங்கே பிரச்சினை, இழுப்பதைத்தான் சோப்பு நிறுத்துகிறது. மொட்டை மாடி கதை வேறு. அக்னி நட்சத்திரத்தில் 40 டிகிரிக்கு மேல் காய்ந்து, இரவில் குளிர்ந்து, நம் ஊர்த் தளம் நாளுக்கு ஒரு முறை விரிந்து சுருங்குகிறது. விரிசல் விடாத தளம் அபூர்வம். ஐப்பசி கார்த்திகையில் மழைத்தண்ணீர் இறங்கும் குழாய் அடைத்து நாலு விரல் தண்ணீர் தேங்கினால், அது விரிசலுக்குத் தாங்கும் அளவைத் தாண்டிவிடும். நிலத்தடித் தொட்டியில் இரண்டு மீட்டர் தண்ணீர் ஆண்டு முழுக்க நிற்கிறது, கேட்கவே வேண்டாம். அங்கெல்லாம் சோப்பு துணைக்கு இருக்கலாம், அதை மட்டும் நம்பக்கூடாது.

இந்தச் சோப்புக்கு மூலம் எண்ணெய். எந்த எண்ணெய் என்பதில்தான் எனக்கு ஆர்வம் அதிகம், ஏனென்றால் நம் பக்கம் எண்ணெய்க்குப் பஞ்சமில்லை. மல்லாட்டை (நிலக்கடலை), எள், தேங்காய், வேம்பு, புங்கன், இலுப்பை, ஆமணக்கு. ஆரணி, ஆற்காடு வட்டார ரைஸ்மில்களின் தவிடு வேறு. எல்லா எண்ணெயும் கிளிசரினோடு மூன்று கொழுப்பு அமிலங்கள் சேர்ந்ததுதான். எந்த அமிலம் எவ்வளவு என்பதில்தான் குணம் மாறுகிறது. சங்கிலி நீளமாக, நேராக, இடையில் மடங்காமல் இருந்தால் வால்கள் நெருக்கமாக அடுக்கி நிற்கும், தண்ணீரை நன்றாகத் தள்ளும். ஸ்டியரிக்கும் பால்மிட்டிக்கும் அப்படிப்பட்டவை. குளிரில் எந்த எண்ணெய் உறைகிறதோ அதில் இப்படி நேரான சங்கிலி அதிகம் என்று ஒரு கைக்கணக்கு வைத்துக்கொள்ளலாம். மார்கழியில் இலுப்பை எண்ணெய் நெய் போல உறைந்து கிடக்கும், பார்த்திருப்பீர்கள். அதில் ஸ்டியரிக்கும் பால்மிட்டிக்கும் சேர்ந்து பாதிக்குக் கொஞ்சம் குறைவாக வரும்.

தேங்காயெண்ணெயும் உறையும், ஆனால் அதில் ஏறக்குறைய பாதி லாரிக் அமிலம். 12 கார்பன்தான், குட்டை வால். மல்லாட்டையிலும் புங்கனிலும் அதிகம் இருப்பது ஓலியிக். 18 கார்பன் நீளம் இருந்தாலும் நடுவில் ஒரு மடிப்பு இருப்பதால் நெருங்கி அடுக்காது. சோப்பும் பிசுக்காக வரும். தண்ணீரைத் தள்ளத்தான் செய்யும், ஸ்டியரேட் அளவுக்கு இல்லை. ஆமணக்கில் பெரும்பகுதி ரிசினோலிக் அமிலம். அதன் வாலிலேயே தண்ணீரோடு கைகுலுக்கும் ஒரு முடிச்சு இருப்பதால் இந்த வேலைக்கு அது பின்வரிசைதான். ஆளிவிதை எண்ணெய் இன்னொரு ரகம். காற்றுப் பட்டால் தானே இறுகிப் படலமாகும்.

உண்ணும் எண்ணெயைக் கொண்டுபோய் கான்கிரீட்டில் கொட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் புங்கனும் இலுப்பையும் வேம்பும் இன்று நம் வீட்டுச் சமையலுக்கு வராதவை. இலுப்பையில் விளக்கேற்றினோம், அதுவும் குறைந்துவிட்டது. தவிட்டெண்ணெயில் புளித்துப்போய், சுத்திகரித்தாலும் கட்டுப்படியாகாது என்று ஒதுக்கும் பகுதி ஏற்கெனவே சோப்பு ஆலைக்குத்தான் போகிறது. தவிடு மில்லை விட்டு வந்ததும் அதிலுள்ள நொதி எண்ணெயை உடைக்க ஆரம்பித்துவிடும், கொழுப்பு அமிலம் தனியாகப் பிரிந்து நிற்கும். சாப்பாட்டுக்கு அது கேடு. உலோகச் சோப்பு செய்பவருக்கு அதுவே பாதி வேலை முடிந்த சரக்கு.

செய்யும் முறை இரண்டு. ஒன்று நேரடி முறை: கொழுப்பு அமிலத்தை உருக்கி, சுண்ணாம்பைச் சேர்த்துக் கிளறினால் சோப்பும் நீராவியும் வரும். இன்னொன்று நம் வாளியில் நடப்பதையே ஆலையில் செய்வது. முதலில் காஸ்டிக் சோடாவால் சோடியம் சோப்பு, பிறகு அதில் கால்சியம் குளோரைடு கரைசலை ஊற்றினால் வெள்ளைப் பூவாகக் கால்சியம் சோப்பு படியும். மாவு போல நைசான பொடி இரண்டாவது முறையில்தான் கிடைக்கும். ஆனால் அதில் சாப்பாட்டு உப்பும் உடன் உண்டாகிறது. அதைத் திரும்பத் திரும்பக் கழுவி வெளியேற்ற வேண்டும். கழுவாமல் விட்டால் குளோரைடு கான்கிரீட்டுக்குள் போய்க் கம்பியைத் தின்னும். கம்பி போட்ட கான்கிரீட்டில் ஒரு கன மீட்டருக்கு 0.6 கிலோவுக்கு மேல் குளோரைடு இருக்கக்கூடாது என்கிறது ஐஎஸ் 456. ஜல்லி, மணல், தண்ணீர், கலக்கும் பொருள் எல்லாவற்றையும் சேர்த்து இந்தக் கணக்கு. வீட்டிலேயே சோப்புத் தண்ணீரில் கால்சியம் குளோரைடு ஊற்றித் தயாரிக்கலாம் என்று யாராவது சொன்னால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

பொடி வேண்டாம், எண்ணெயையே கலவையில் ஊற்றினால் ஆகாதா என்று கேட்கலாம். ஆகும். சிமெண்டில் வெளிப்படும் சுண்ணாம்பு அவ்வளவு காரமானது. எண்ணெயை உடைத்து அங்கேயே கால்சியம் சோப்பாக்கிவிடும். 100 கிராம் மல்லாட்டை எண்ணெயை முழுக்கச் சோப்பாக்க 12, 13 கிராம் சுண்ணாம்பு போதும். ஒரு மூட்டை சிமெண்டில் கிலோக்கணக்கில் வெளிப்படுவதால் அதற்குக் குறைவே இல்லை. நார்வே ஆய்வாளர்கள் இருபது ஆண்டுகளுக்கு முன் பல தாவர எண்ணெய்களைச் சிமெண்ட் எடையில் 0.5 முதல் 1.5 சதவீதம் வரை கலந்து பார்த்தார்கள். கலவை தண்ணீர் குடிப்பது பெரிதும் குறைந்தது, எண்ணெய் கூடக்கூட வலுவும் குறைந்தது. 0.5 சதவீதம் என்றால் மூட்டைக்கு 250 கிராம். சிக்கல் என்னவென்றால் எண்ணெய் கலவையில் ஒரே சீராகப் பரவ வேண்டும், சோப்பாக மாற நாளும் ஆகும். பரவாமல் திட்டாக நின்ற இடத்தில் கலவை இறுகாது. பாண்டில் கலக்கும் சின்ன வேலைக்கு இதை நான் சொல்ல மாட்டேன்.

இதே வினை நம் கண்ணெதிரே ஒவ்வொரு தளத்திலும் நடக்கிறது, நாம் கவனிப்பதில்லை. சென்ட்ரிங் தகடு ஒட்டாமல் வர எண்ணெய் தடவுகிறோம் இல்லையா? பழைய இன்ஜின் ஆயில் வெறும் வழுக்கலாகத்தான் நிற்கிறது. கொழுப்பு அமிலம் உள்ள எண்ணெய் என்றால் கான்கிரீட்டின் சுண்ணாம்போடு சேர்ந்து அந்த மெல்லிய இடைவெளியில் சோப்பாகிவிடுகிறது. தகடு நோகாமல் கழன்று வருவது அந்தச் சோப்பினால். கழற்றிய பின் தளத்தின் அடிப்பக்கம் பூச்சு ஒட்ட மாட்டேன் என்று அடம் பிடிப்பதற்கும் அதுவே ஒரு காரணம்.

எண்ணெயும் சுண்ணாம்பும் சேர்ந்தால் தண்ணீர் இறங்காது என்பது சிமெண்டுக்கு முந்திய அறிவு. ரோமானியர்கள் வெட்டவெளித் தரையில் ஓடுகளின் இடுக்கை எண்ணெய் விட்டுப் பிசைந்த சுண்ணாம்பால் அடைத்தார்கள். சீனர்கள் டுங் மர விதையின் எண்ணெயைச் சுண்ணாம்போடும் நாரோடும் இடித்து மரக்கலத்தின் பலகை இடுக்கில் திணித்தார்கள். மொராக்கோவில் குளியல் அறைகளுக்கு இன்றும் டடெலாக்ட் என்ற பூச்சு பூசுகிறார்கள்: ஈரச் சுண்ணாம்பைக் கூழாங்கல்லால் தேய்த்து மெருகேற்றி, அதன்மேல் ஆலிவ் எண்ணெய்ச் சோப்பைத் தேய்ப்பார்கள். மேல்பரப்பில் கால்சியம் சோப்பு உண்டாகி, ஓடும் தண்ணீரைத் தாங்குகிறது. ஆங்கிலேயர் காலத்தில் சில்வெஸ்டர் முறை என்று ஒன்று இருந்தது. செங்கல் சுவரில் ஒரு நாள் சூடான சோப்புத் தண்ணீர், அது காய்ந்த பின் மறுநாள் படிகாரத் தண்ணீர், இப்படி மாற்றி மாற்றி. படிகாரத்தில் உள்ள அலுமினியம் சோப்போடு சேர்ந்து துளைக்குள்ளேயே அலுமினியம் சோப்பாகப் படியும். நாவிதர் கடைப் படிகாரமும் எண்ணெயில் செய்த துணி சோப்பும் போதும், செங்கல் சுவருக்கு இன்றைக்கும் பலிக்கிற வித்தை.

நம் ஊர்ப் பழைய தளங்களில் ஊற்றிய கடுக்காய்த் தண்ணீரையும் வெல்லத்தையும் சிலர் இந்தக் கணக்கில் சேர்க்கிறார்கள். அது தவறு. கடுக்காயில் இருப்பது துவர்ப்புச் சத்து, வெல்லத்தில் சர்க்கரை. இரண்டிலும் எண்ணெய் கிடையாது, சோப்பும் உண்டாகாது. அவை சுண்ணாம்பு இணங்கிவரவும் அடர்ந்து இறுகவும் உதவின. செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு, கடுக்காய்த் தண்ணீர் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து நாள்கணக்கில் கட்டையால் தட்டினார்களே, அந்தத் தட்டல்தான் துளையை நிஜமாகவே அடைத்தது. ஜவ்வாது மலையில் பொறுக்கும் அதே கடுக்காய் வாணியம்பாடி, ஆம்பூர், பேர்ணாம்பட்டில் தோல் பதனிடவும் போயிற்று. பதனிட்ட தோலுக்குப் புங்க எண்ணெய் தடவி மெதுவாக்கினார்கள். தோலைத் தண்ணீரிலிருந்து காப்பாற்ற எண்ணெய் வேண்டும் என்று தெரிந்த ஊர் இது.

தோல் தொழிலைச் சொன்ன பிறகு தண்ணீரைச் சொல்லாமல் இருக்க முடியாது. வேலூருக்கு இந்தச் சோப்பு மற்ற ஊர்களைவிட அதிகம் தேவைப்படுவது அதனால்தான். பச்சைத் தோல் அழுகாமல் இருக்க உப்பு தடவித்தான் வரும். பதனிடும் முன் ஊறவைத்துக் கழுவும்போது அந்த உப்பு முழுவதும் தண்ணீரில் இறங்கும். பல ஆண்டுகள் அது பாலாற்றுப் படுகையிலும் விளைநிலத்திலும் போய் நின்றது. கிணறுகள் உப்பாயின. உச்ச நீதிமன்றம் வரை வழக்குப் போய், 1996-இல் வந்த தீர்ப்பு இந்தியச் சுற்றுச்சூழல் சட்டத்தில் இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. ஆனால் மண்ணில் இறங்கிவிட்ட உப்பு ஒரு தீர்ப்பில் மேலே வந்துவிடாது.

கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் கலக்கும் தண்ணீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராம் குளோரைடுதான் எல்லை. தோல் ஆலைகள் சூழ்ந்த ஊர்களில் பல கிணறுகள் இந்த எல்லையைத் தாண்டியவை. எத்தனை பேர் போர் தண்ணீரைச் சோதனைக்குக் கொடுத்துவிட்டு வீடு கட்டுகிறோம்? நான் கட்டியபோது கொடுக்கவில்லை. எல்லாரும் போல போர் போட்டோம், மோட்டாரைப் போட்டோம், கலவையில் விட்டோம். பத்து வருஷத்தில் சன்ஷேடின் அடிப்பக்கம் காரை பெயர்ந்து துருப்பிடித்த கம்பி எட்டிப் பார்த்தது. கம்பி துருவாகும்போது பருமன் இரண்டு முதல் ஆறு மடங்கு வரை ஊதும். கான்கிரீட்டை உள்ளிருந்தே வெடிக்க வைப்பது அந்த ஊதல்தான்.

கலவையிலேயே போய்விட்ட உப்பைச் சோப்பால் ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் மண்ணில் இருக்கும் உப்பு அஸ்திவாரத்தின் வழியாக ஆண்டு முழுக்க ஏறிக்கொண்டே இருக்கிறது பாருங்கள், அதைச் சோப்பு நிறுத்தும். குளோரைடு தானாக நடந்து வருவதில்லை, தண்ணீரின் தோளில் ஏறித்தான் வருகிறது. இழுப்பு நின்றால் வண்டி நின்றது. நம் பக்கம் பேஸ்மெண்ட் மட்டத்தில் ஓதம் ஏறாமல் இருக்கப் போடும் டிபிசி பட்டையில் இந்தப் பவுடரைச் சேர்ப்பதை நான் வற்புறுத்துவது இதற்காகத்தான். மொத்த வீட்டுச் செலவில் அது கண்ணில்கூடப் படாத தொகை.

போடுவதிலும் பக்குவம் உண்டு. பொடியைத் தண்ணீரில் கலக்க நினைத்தால் கலக்காது, மேலேயே மிதக்கும். தண்ணீரை வெறுப்பதுதானே அதன் குணம். காய்ந்த சிமெண்டோடு முதலில் நிறம் ஒன்றாகும்வரை புரட்டி, அப்புறம்தான் மணல், அப்புறம் தண்ணீர். பாக்கெட்டில் சொன்ன அளவுக்கு மேல் ஒரு கைப்பிடி கூடப் போடக்கூடாது. இந்த வகைப் பொருள்களுக்கான ஐஎஸ் 2645 தரம் சிமெண்ட் எடையில் 3 சதவீதத்தை உச்சமாக வைத்திருக்கிறது. கலவையில் நீர் ஊடுருவல் பாதிக்கும் கீழே குறைய வேண்டும், வலு வெறும் கலவையின் 80 சதவீதத்துக்குக் கீழே இறங்கக்கூடாது என்றும் கேட்கிறது. அதாவது வலு கொஞ்சம் குறையும் என்பது தரநிர்ணயத்துக்கே தெரியும். பவுடர் பாக்கெட்டில் அந்த ஐஎஸ் எண் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பாத்திரம் தேய்க்கும் சோப்பையோ லிக்விடையோ கரைத்து ஊற்றுவது வேறு சங்கதி. நுரைக்கும் அந்தச் சரக்கு கலவையில் காற்றுக்குமிழிகளை நிரப்பிவிடும். காற்று ஒரு சதவீதம் கூடினால் வலுவில் ஏறக்குறைய ஐந்து சதவீதம் போகும்.

கியூரிங்கில், அதாவது ஈரம் காத்து இறுகவிடுவதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். சோப்பு சேர்த்த பூச்சு ஒரு முறை காய்ந்துவிட்டால் பிறகு குடம் குடமாக ஊற்றினாலும் உள்ளே போகாது, வழிந்து ஓடும். முதல் நாளே ஈரச் சாக்கு போர்த்தி, காயவே விடாமல் வைக்க வேண்டும். சித்திரை வெயிலில் காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை தெளித்து முடித்துக்கொள்கிற வழக்கம் இதற்குச் செல்லாது. இரண்டு கை, அதாவது இரண்டு அடுக்குப் பூச்சு என்றால் உள்கையில் மட்டும் பவுடர் சேர்த்து, அது முழுக்கக் காயும் முன் கரண்டியால் கீறிவிட்டு மேல்கை போடுவது நல்லது. காய்ந்த சோப்புப் பூச்சின் மேல் அடுத்த கையும் ஒட்டாது, டைல்ஸும் சரியாகப் பிடிக்காது.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். கான்கிரீட் உள்ளே உலர்வாக இருப்பது எல்லா வகையிலும் நல்லதில்லை. காற்றில் உள்ள கரியமிலவாயு உள்ளே புகுந்து சுண்ணாம்பின் காரத்தைக் குறைத்துக்கொண்டே போகும். அந்தக் காரம்தான் கம்பிக்குக் கவசம். துளை முழுக்கத் தண்ணீர் இருந்தால் வாயு நுழையாது, அரை ஈரத்தில் வேகமாக நுழையும். ஆகவே கம்பியை மூடி நிற்கும் கனம், அதாவது கவர், போதாத கான்கிரீட்டில் சோப்பு போட்டுவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. கவர் பிளாக்கை எண்ணி வைத்து, தண்ணீரை அளந்து ஊற்றி, வைப்ரேட்டர் ஓட்டிய கான்கிரீட்டில்தான் பவுடருக்கு மதிப்பு.

மேஸ்திரிக்கு வடையையும் டம்ளரையும் காட்டினேன். உடைந்த துண்டைக் கையில் வாங்கி, தானே ஒரு சொட்டு வைத்து, சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். டிபிசி பட்டைக்கும் வெளிப்பூச்சின் உள்கைக்கும் பவுடர் போட்டார்கள். மொட்டை மாடியில் வாட்டம் விட்டு, செங்கல் ஜல்லி சுண்ணாம்பு தட்டி, தட்டோடு பதித்து, இடுக்கை அடைக்கும் கலவைக்கு மட்டும் மூட்டைக் கணக்கில் அளந்து பவுடர் சேர்த்தார். கலக்கும் தண்ணீரை போரில் எடுக்காமல் டேங்கர் வரவழைத்தார்கள்.